தலைத்துண்டு

மலாயாவில், கோலா கெத்தில் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், கூலிகளின் வரிசை வீடுகளான லயத்துக்கு மருதம்மாள் வந்து சேர்ந்தபோது வெயில் இறங்கிவிட்டிருந்தது. பால்மரங்களுக்கு நடுவே இருட்டு முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்தது. இடுப்பில் கோணிச்சாக்கு, கையில் சேம்பிலைப் பொட்டலம். பொட்டலம் அவ்வப்போது துள்ளியது.

"என்னாடி மருது, எலைக்குள்ள யாரு ஆடுறா?" பக்கத்து வீட்டுப் பிச்சையம்மாள் படியில் உட்கார்ந்தபடியே கேட்டாள்.

"விரால் அக்கா. வாய்க்கால் சேத்துக்குள்ள படுத்திருந்திச்சு."

"அடி சக்கை! கொழம்பா, வறுவலா?"

"வறுக்கணும். புள்ள கெழங்கைப் பாத்தாலே வாயை மூடிக்கிது. நேத்துலேருந்து தண்ணியும் எறங்கல. வறுத்த மீனு வேணும்னு மட்டும் மொனகுது."

"எண்ணெய்க்கு எங்கடி போவ?"

"கடைக்கார நாகூர் மீரான் அண்ணன் ஒரு செரட்டை குடுத்தாரு. உப்பும் ஒரு சிட்டிகை. கல்யாணச் சேலையக் குடுத்துட்டேன்."

பிச்சையம்மாளின் சிரிப்பு அப்படியே நின்றது. குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அந்தி நேரம். மீன் வாசனைக்கு எது எது வரும்னு சொல்ல முடியாது. வாசல்ல இரும்பு போட்டுட்டு அடுப்ப மூட்டு. ரயில்ரோடு போட சயாமுக்குப் புடிச்சிட்டுப் போன ஆளுங்க எத்தன பேரு பசியோட செத்தாங்களோ. அதுங்களுக்கு வீடு தெரியும்லா."

"அவரு செத்தாருன்னு சொல்லாதீங்க அக்கா."

"நான் யாரையும் சொல்லலடி. இரும்பு போடு. அவ்வளவுதான்."

வீட்டில் இரும்பு என்று மிஞ்சியது ஒன்றுதான். சட்டி, மண்வெட்டி, அரிவாள்மணை எல்லாவற்றையும் ஜப்பான்காரன் வாரிக்கொண்டு போய்விட்டான். புருஷன் குழந்தைவேலுவின் பால்மரம் வெட்டும் கத்தி மட்டும் அத்தாப்பு ஓலைக் கூரையில் செருகிக் கிடந்தது. அதை உருவி, மீனைத் துண்டு போட்டுக் கழுவிவிட்டு, வாசற்படியில் குறுக்கே வைத்தாள்.

எதிரே இருக்கும் மரத்துக்குப் பால் வெட்டப் போனாலும் "போய்ட்டு வர்றேன்" என்று சொல்லாமல் படியிறங்காத மனுஷன். ஜப்பான்காரன் சயாமுக்கு லாரியில் ஏற்றிய அன்றைக்கு மட்டும், துப்பாக்கிக்கட்டை முதுகில் இடிக்க, "மருது, போறேன்!" என்று கத்திவிட்டான். வருகிறேன் என்று சொல்லவில்லை. அந்த ஒரு சொல் அவள் நெஞ்சில் மீன்முள்ளாகச் சிக்கிக் கிடந்தது.

பாயில் மகள் பாப்பம்மா கிடந்தாள். கால் குச்சி, வயிறு மட்டும் பானை. "அம்மா, அப்பா வறுக்கிற மாதிரி," என்றாள், கண்ணைத் திறக்காமலே.

மீன் வறுப்பது அந்த வீட்டில் குழந்தைவேலுவின் வேலை. "தலை எனக்கு, வயித்துத்துண்டு எம் மகளுக்கு, வாலு ஒனக்கு," என்று பங்கு வைப்பான். வாலில் என்ன இருக்கிறது என்று இவள் கேட்டால், "முள்ளோட சண்டை போட ஒன்னயவிட்டா யாரு?" என்பான்.

மண்சட்டியில் எண்ணெய் காய்ந்தது. மஞ்சளும் உப்பும் இடித்த மிளகாயும் பூசிய துண்டுகள் உள்ளே இறங்கியதும் 'சொய்ங்' என்று ஒரு சத்தம். எத்தனை காலமாயிற்று அந்தச் சத்தத்தைக் கேட்டு! தேங்காயெண்ணெயில் தோல் முறுகும் வாசனை வீட்டை நிறைத்து, கூரையைத் தாண்டி ரப்பர் காட்டுக்குள் போனது. பாப்பம்மாவின் உதடு அசைந்தது.

வெளியே சில்வண்டுகள் ஓய்ந்தன.

மீன் வாசனையோடு இன்னொரு நாற்றம் கலந்தது. ஈரச் சேறு. அழுகிய புண்.

"மருது."

அவள் திரும்பவில்லை.

"தலைய எனக்கு எடுத்து வச்சியா?"

அகப்பையோடு வாசலுக்கு ஓடினாள். படிக்குக் கீழே அவன். முகம் தெரியாத இருட்டு. தோள் மட்டும் தெரிந்தது, அவள் அறிந்த தோள்.

"வந்துட்டீங்களா! உள்ள வாங்க. ஏன் அங்கயே நிக்கிறீங்க?"

"கத்தி கெடக்குது."

"உங்க கத்திதானே. எடுத்து ஓரமா வச்சிட்டு வாங்க."

"தொட முடியல மருது."

தினம் அதைத் தீட்டிய கை அது.

"நீயே எடு. புள்ளையப் பாக்கணும். ரொம்பத் தூரம் நடந்து வந்தேன்."

பின்னால் பாய் சரசரத்தது. தலை தூக்க முடியாத பிள்ளை எழுந்து உட்கார்ந்திருந்தாள். "அப்பா!" என்று தவழ்ந்து வந்தாள். மருதம்மாள் குறுக்கே விழுந்து பிடித்துக்கொண்டாள்.

"குடு மருது. எங்கூட வந்தா அவளுக்குப் பசிக்காது."

"பொய்!" அவள் பல்லைக் கடித்தாள். "பசி தீந்தவரா மீன் வாசனைக்கு வந்தீங்க?"

படிக்குக் கீழே எச்சில் விழுங்கும் சத்தம் கேட்டது.

தலைத்துண்டை இலையில் வைத்து, அகப்பையால் கத்திக்கு அந்தப் பக்கம் தள்ளினாள். "தலை உங்களுது. வயித்துத்துண்டு அவளுது. நீங்க வச்ச பங்குதான். அவள எனக்கு விட்ருங்க. உங்க கால்ல விழறேன்."

எலும்பு நொறுங்கியது. செவுளை உறிஞ்சும் சத்தம், அவனேதான். அதைக் கேட்டுக்கொண்டே முள் எடுத்து மகள் வாயில் ஊட்டினாள். பிள்ளை மென்றாள். விழுங்கினாள்.

"மருது, போறேன்."

அதே சொல். லாரியில் கேட்ட அதே குரல். யாரையும் வெறுமனே அனுப்பிப் பழகாத நாக்கு அவளுடையது.

"போய்ட்டு வாங்க," என்றுவிட்டாள்.

நாக்கைக் கடித்துக்கொண்டபோது சொல் படியிறங்கிப் போயிருந்தது.

வெளியேயிருந்து, சிரிப்பது போல:

"சரி மருது. வர்றேன்."

விடிந்ததும் பாப்பம்மா கிழங்கு கேட்டாள். பிச்சையம்மாள் வாசலில் கிடந்த வெறும் இலையைப் பார்த்தாள். "நாய் தின்னுருக்கும்."

"நாய் ஏதுக்கா தோட்டத்துல? அதையுந்தான் தின்னாச்சே."

அன்று மருதம்மாள் அடுப்பே மூட்டவில்லை. எண்ணெய் இல்லை, மீன் இல்லை. பகலிலேயே கத்தியைப் படியில் வைத்திருந்தாள். இருட்டுமுன் கதவைச் சாத்திவிட்டு, மகளைப் பாயில் தேடினாள்.

பாப்பம்மா கதவருகே நின்றிருந்தாள். தெம்பாக, சிரித்தபடி, கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு.

"என்னாடி அது கையில?"

"கத்திம்மா. நான் எடுத்துட்டேன். அப்பாவாலதான் தொட முடியாதுல்ல?"

சில்வண்டுகள் ஓய்ந்தன.

முதுகுக்குப் பின்னால், மூட்டாத அடுப்பில், 'சொய்ங்' என்று மீன் விழுந்தது.