திரு. என்னங்க அவர்களின் உரிமம்

மயக்கம் தெளிந்து கண் விழித்ததும் பொன்னரங்கம் பேசிய முதல் வாக்கியம் இது: "வணக்கம், பயனரே. இந்த மனத்தளம் செல்லுபடியாகும் நிலையில் இல்லை."

கட்டிலருகில் ஆறு மணி நேரமாக உட்கார்ந்திருந்த தவமணி எழுந்து குனிந்தாள். "என்னங்க, நான்தாங்க. முழிச்சுப் பாருங்க."

"பத்து நாட்களுக்குள் செயலாக்கவும்" என்றார் அவள் கணவர், மிகுந்த மரியாதையோடு.

அறுவை சிகிச்சை மருத்துவர் வந்து நாடி பார்த்தார். பழைய இதயத்தை எடுத்துவிட்டு வைத்த செயற்கைத் துடிப்பி, கடிகாரம் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. "ஆபரேஷன் நூத்துக்கு நூறு சக்ஸஸ்மா. இன்னும் முப்பது வருஷம் ஓடும்."

"ஆளைக் காணோமே டாக்டர்."

"அது சாஃப்ட்வேர்க்காரங்க வேலை. கழுத்துக்கு மேல நாங்க கை வைக்கிறதில்ல."

கழுத்துக்கு மேல் இருந்தது நிலைபேறு நிறுவனத்தின் மனத்தளம். ஆறு வருடங்களுக்கு முன் பக்கவாதம் வந்து பேச்சும் ஞாபகமும் பாதிக்கு மேல் போனபோது, மண்டைக்குள் கட்டைவிரல் நகமளவு வில்லை ஒன்றை வைத்து, எஞ்சியிருந்த நினைவுகளையெல்லாம் அதில் ஏற்றினார்கள். அன்றிலிருந்து பொன்னரங்கம் நினைப்பதும் பேசுவதும் அதன் வழியாகத்தான். ஒரு வில்லைக்கு ஓர் உரிமம், ஓர் உரிமத்துக்கு ஓர் உடல். ஒருவர் மனத்தளத்தை இன்னொருவர் திருடிப் போட்டுக்கொள்ளக் கூடாதல்லவா? அதற்காக உரிமத்தை உடலின் ஏதாவதொரு பாகத்தோடு பூட்ட வேண்டியிருந்தது. மண்டையோட்டோடு பூட்டுங்கள் என்று பொறியாளர்கள் அறிக்கை கொடுத்தார்கள். ஆனால் தொடக்க விழாவில் நிறுவனத் தலைவர் மைக்கைப் பிடித்து, "மனம் குடியிருப்பது இதயத்தில் என்று உலகுக்குச் சொன்னவன் தமிழன்!" என்று முழங்கிவிட்டார். கைதட்டல் ஓய ஐந்து நிமிடம் ஆனது. அதற்குப் பிறகு மண்டையோடு என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. இதயத் துடிப்பின் தாளமே கருவியின் அடையாளம் என்று விதி எழுதப்பட்டது. இதயம் என்பதும் மாற்றக்கூடிய ஒரு பாகம்தான் என்பது கூட்டத்தில் யாருக்கும் தோன்றவில்லை, அல்லது தோன்றியவர்களும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் செயலாக்கப்படாத நிலை என்றால் என்ன என்று தவமணிக்கு முழுதாகப் புரிந்தது. தன்வயமாக்கல், அதாவது அவருக்கே உரிய பேச்சும் சுபாவமும், மூடப்பட்டிருந்தது. பெயர் சொல்லக் கூடாது, கேலி கூடாது, கோபம் கூடாது. பேருந்துகளில் மனித நடத்துநர்கள் இருந்த கடைசிக் காலத்தில் முப்பது வருடம் விசில் ஊதியவள் அவள். "கண்டக்டரம்மா, காபிக்கு ரைட் குடு" என்ற அவர் குரலோடுதான் தினமும் விடியும். இப்போது, "பயனரே, காபி தேவைப்படுகிறது. தயவுசெய்து செயலாக்கவும்" என்றார். வாசலில் வெண்டைக்காய் விற்க வந்தவள் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "இவ்ளோ மரியாதையாப் பேசுற புருஷனா! குடுத்து வச்சவக்கா நீங்க" என்றாள். தவமணி வெண்டைக்காயை ஒடித்துப் பார்ப்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டாள்.

பத்தாம் நாள் முடிந்தால் தன்வய நினைவுகள் நீக்கப்படும். பல் தேய்ப்பது தெரியும், பதினாறாம் வாய்ப்பாடு தெரியும். அவளைத் தெரியாது.

ஆறாம் நாள் காலை, தில்லைநகரில் இருந்த நிறுவனக் கிளைக்கு அவரைக் கைப்பிடித்து அழைத்துப் போனாள். உரிமச் சீரமைப்பு ஆலோசகர் ஞானதீபன் என்று மேசைமேல் பலகை இருந்தது. நாற்பது வயது, கழுத்தில் டை. பொன்னரங்கத்தின் நெஞ்சில் துடிப்பை அளக்கும் வட்டு ஒன்றை வைத்துத் திரையைப் பார்த்தார்.

"ஆள் மாறியிருக்கும்மா."

"ஆள் மாறல தம்பி. இதயத்தைத்தான் மாத்தினாங்க."

"எங்க சிஸ்டத்துக்கு ரெண்டும் ஒண்ணுதாம்மா."

"சரி, இந்தப் புது இதயத்தைப் பதிஞ்சுக்கங்க. அவ்ளோதானே?"

"பதியலாம்மா. உரிமையாளர் பேரைச் சரிபார்க்கணும். இவர் பேர் என்ன?"

தவமணி அடையாள அட்டையை நீட்டினாள். ஞானதீபன் அட்டையையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒத்துப் போகலையே. எங்ககிட்ட இருக்கிற பேர் வேற."

"வேற என்ன பேரு?"

"என்னங்க."

"அதான், என்ன பேருன்னு கேக்குறேன்."

"அதான்மா பேரு. திரு. என்னங்க."

பதிவு செய்த நாளின் ஒலியை அவர் ஓடவிட்டார். இயந்திரக் குரல் கேட்டது: 'உரிமையாளரின் பெயரைக் கூறவும்.' அடுத்து ஆறு வருடத்துக்கு முந்தைய தவமணியின் குரல்: 'என்னங்க...' அதற்குமேல், 'கேக்குறாங்கல்ல, நீங்களே சொல்லுங்களேன்' என்று அவள் அவரை உசுப்பியது பதிவாகவில்லை. இயந்திரம் முதல் சொல்லிலேயே திருப்தியடைந்து, நன்றி சொல்லி மூடிக்கொண்டது.

"சங்கடப்படாதீங்கம்மா" என்றார் ஞானதீபன். "இந்த மாவட்டத்துல மட்டும் பதினோராயிரம் என்னங்க இருக்காங்க. ஆம்பளைங்க போய்ப் பொண்டாட்டிக்குப் பதிஞ்சதுல 'ஏய்'னு மூவாயிரம் பேர்."

"பேரைத் திருத்திக் குடுங்க தம்பி. அதுக்கென்ன?"

"திருத்த உரிமையாளர் தன் வாயால சம்மதம் சொல்லணும். செயலாக்கப்படாத நிலையில அவர் சொல்ற சம்மதம் செல்லாது."

"அப்பச் செயலாக்குங்க."

"செயலாக்கப் பேர் சரியா இருக்கணும்."

தவமணி கணவரைப் பார்த்தாள். அவர் எதிர்ச் சுவரில் இருந்த தலைவர் படத்தைப் பணிவோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"சுத்திச் சுத்தி வருது பாருங்க. நான் வட்டப் பேருந்துல இருந்தவ, எனக்கே தலை சுத்துது. இறங்குறதுக்கு ஒரு ஸ்டாப் கூடவா வைக்கல?"

ஞானதீபன் நாற்காலியை முன்னால் இழுத்தார். கெட்டவரில்லை. குரலைத் தாழ்த்தி, "ஒரு வழி இருக்கு" என்றார். "வாரிசு மாற்றம். பழைய உரிமையாளர் இறந்துட்டார்னு நீங்க எழுதிக் குடுத்தா, உரிமம் உங்க பேருக்கு வந்துடும். நீங்க அதைப் புதுக் கருவிக்கு, அதாவது இவருக்கு, ஏத்திக்கலாம். பத்து நிமிஷ வேலை."

"இறந்துட்டார்னா?"

"இவர் இல்லம்மா. என்னங்க."

"அவர் ஞாபகமெல்லாம்?"

"ஒரு எழுத்து குறையாது. யாரோட நினைவுன்ற இடத்துல மட்டும் 'மறைந்தவர்'னு ஒரு குறிப்பு இருக்கும். சும்மா பேருக்கு."

இன்னும் நான்கு நாள்தான் இருந்தது. தவமணி படிவத்தை வாங்கினாள். மறைந்தவர் பெயர்: என்னங்க. உறவு: கணவர். இறந்த விதம் என்ற இடத்தில் பேனா நின்றது. ஞானதீபன் எட்டிப் பார்த்து, "மேம்பாடுன்னு போடுங்கம்மா, அப்கிரேடு. அதுக்குன்னு ஒரு கட்டம் இருக்கு" என்றார். போட்டாள். கையெழுத்திட்டாள். அச்சுப்பொறி ஒரு சான்றிதழைத் துப்பியது. 'மறைந்த திரு. என்னங்க அவர்களின் பிரிவால் வாடும் தங்களுக்கு நிலைபேறு குடும்பத்தின் ஆழ்ந்த இரங்கல். தங்கள் புதிய மனத்தளம் வெற்றிகரமாகச் செயலாக்கப்பட்டது.'

பொன்னரங்கத்தின் இமை இரண்டு முறை துடித்தது. முகத்தில் பழைய களை வந்தது. புருவத்தை உயர்த்தும் அதே சாயல். தவமணிக்குக் கண் நிறைந்துவிட்டது. அதைப் பார்த்ததும் அவர் முகம் வாடியது. வழியெல்லாம் கைகளைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் வழக்கமாக உட்காரும் சாய்வு நாற்காலியை விட்டுவிட்டு, கதவோரம் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"எப்படிம்மா ஆச்சு?" என்றார். "நல்லாத்தானே இருந்தார்."

தவமணிக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது: அவர் துக்கம் விசாரிக்க வந்திருந்தார்.

"தங்கமான மனுஷன். உங்களைப் பத்தியேதான் நினைச்சுக்கிட்டு இருப்பார்" என்று அவர் தொடர்ந்தார். அதே குரல், அதே வாய். "ஒண்ணு சொல்றேன், உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. கல்யாணத்துக்கு முன்னாடி உங்க பஸ்ல வருவாரில்ல? அவர் இறங்க வேண்டியது மார்க்கெட்ல. நீங்க விசில் ஊதுறதைப் பாக்குறதுக்காகவே மூணு ஸ்டாப் தள்ளி இறங்கி, வெயில்ல திரும்ப நடந்து போவார். கடைசி வரைக்கும் இதை உங்ககிட்ட சொன்னதில்ல. கூச்சம்."

"தெரியாது" என்றாள் தவமணி. முப்பத்தைந்து வருடக் குடித்தனத்தில் அவளுக்குத் தெரியாததுதான்.

"நெனச்சா மனசு ஆற மாட்டேங்குது" என்று பொன்னரங்கம் சட்டை நுனியால் கண்ணைத் துடைத்தார். அவருக்காக அவர் அழுவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். தேற்றுவதா, தேற்றப்படுவதா என்று தெரியாமல், ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவர் தொடவில்லை.

பிறகு எழுந்தார். போய்ட்டு வரேன் என்று சொல்லவில்லை. சாவு வீட்டில் அப்படிச் சொல்லக் கூடாது என்பதை மனத்தளம் ஓர் எழுத்து குறையாமல் வைத்திருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பாராமல் இறங்கிக் கேட்டைத் திறந்தார்.

தெருவில் நின்று இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார். மதிய வெயில் சுள்ளென்று அடித்தது. தவமணி கேட்டருகே வந்தாள்.

"எங்க போகணும்?"

"வீட்டுக்குத்தாம்மா" என்றார். "நேரமாச்சு. வீட்ல என்னைத் தேடுவாங்க."

தவமணி கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆமா" என்றாள். "தேடுவாங்க."