மூன்று விநாடி

காலை ஆறு மணிக்குச் சங்கு ஊதியதும் தூத்துக்குடி மொத்தமும் அப்படியே நின்றது. டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கிளாஸைக் கீழே வைத்தார். எல்லோரும் இடது மணிக்கட்டை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டார்கள். தோலுக்கடியில் பதித்த சிப்பான கைச்சில்லில் உள்செயலிகள் தம்மைப் புதுப்பித்துக்கொள்ளும் நேரம். நாலு நிமிஷம் அசையக்கூடாது. அசைந்தால் மறுபடி முதலிலிருந்து.

இன்னாசி தங்கை வீட்டு வாசலில் நின்றார். செலின் மட்டும் நிற்காமல் கூட்டிக்கொண்டிருந்தாள். "எனக்கு இனி எதைப் புதுப்பிக்கணும்?" என்றாள், நிமிராமலே.

அவள் புருஷன் கஸ்பாரைக் கடல் கொண்டுபோய் ஒரு மாதம் ஆகிறது.

மீனவர் சங்கத்துக்குக் காற்று எச்சரிக்கை சொல்ல இரண்டு வழிகள் இருந்தன. கஸ்பார் எழுதியது வலைச்செயலி. முகவரியைத் தட்டினால் எந்தக் கண்ணாடித் திரையிலும், எத்தனை பழைய போனிலும் திறக்கும். இன்னாசி எழுதியது உள்செயலி. படகுக்காரர் மணிக்கட்டிலேயே துடிக்கும். ஆனால் சில்லு புதிதாக இருக்க வேண்டும். பழைய சில்லிலிருந்து ஒவ்வொரு புதுப்பிப்பிலும் ஏதாவது ஒன்று உதிர்ந்துவிடும். பேஸ்மேக்கர் வைத்திருந்த கஸ்பாருக்குப் புதுச் சில்லு ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், அவருக்கு வலைச்செயலிதான் ஒரே வழி.

எது இருக்கட்டும் என்று கடற்கரையில் போட்டி வைத்தார்கள். உள்செயலி கண் சிமிட்டுவதற்குள் பதில் சொன்னது. வலைச்செயலிக்கு மூன்று விநாடி ஆனது. கூட்டம் கைதட்டியது. இன்னாசிக்குத் தலைகால் புரியவில்லை.

"மூணு செகண்டுக்கா மச்சான் கதவைச் சாத்துறீங்க?" என்று கஸ்பார் சிரித்தார். "நீங்க ஜெயிச்சதாவே இருக்கட்டும். மாதா கோயில் கொடியேற்றம் வரைக்குமாவது என் வலைப்பக்கத்தை விட்டு வைங்க. நான் வேற வழி பாத்துக்கிடுதேன்."

"சரி மாப்ளே, விட்டு வைக்கேன்" என்றார் இன்னாசி. சொன்னார்தான்.

சங்கு மறுபடி ஊதியது. தெரு நகர்ந்தது. இன்னாசி அங்கேயே நின்றார்.

"உள்ள வாங்கண்ணே. ஊரே அவரைத்தான் ஏசுது. வீம்பு பிடிச்சவன், எச்சரிக்கையைப் பாக்காமப் போனான்னு. நானும் ஏசிட்டேன். பெட்டியில வச்சு மூடுறப்பக்கூட மனசுக்குள்ள ஏசிட்டுதான் இருந்தேன்." செலின் குப்பையை ஓரமாகத் தள்ளினாள்.

"அவன் பாத்தான்மா."

துடைப்பம் நின்றது.

"நேத்து அவன் வலைப்பக்கத்தை மறுபடி திறந்து விட்டேன், அது ஓடுற சங்கத்துப் பழைய இயந்திரத்தையும் பாத்தேன். யார் வந்து கதவைத் தட்டினாலும், கதவு சாத்தியிருந்தாலும், அதுல பதிவாகும். அன்னிக்கு விடியக்காலையில அவன் போன்லேர்ந்து பதினேழு தடவை தட்டியிருக்கான். அரை மணி நேரம் கரையில நின்னிருக்கான். மத்த படகெல்லாம் கிளம்பாததை, கொடியேற்ற வேலைக்குப் போயிருக்காங்கன்னு நினைச்சிருப்பான்."

"தட்டினா திறந்திருக்கணுமே?"

இன்னாசிக்கு எல்லாமே ஒரே மூச்சில் வந்தது. "அதுக்கு மூணு நாள் முன்னாடியே அந்தப் பக்கத்தை நான் மூடிட்டேன். நாப்பத்தொரு பேர்தான் பாக்காங்க, எதுக்குன்னு மூடிட்டேன். அவன்கிட்ட சொல்லல. மறந்துட்டேன்னு சொன்னா அது பொய். ஜெயிச்ச திமிரு, செலின்."

அவள் அழவில்லை. உள்ளே போய்க் கஸ்பாரின் போனை எடுத்து வந்தாள். தண்ணீர் புகாத உறையில், அவர் சட்டைப்பையிலேயே கிடைத்தது அது. அதைத் திறக்க அவளுக்கு இதுவரை மனசு வரவில்லை.

"இப்பத் திறக்குமா?"

"திறக்கும்."

"சாயங்காலம் சங்கத்துல எல்லார் முன்னாடியும் சொல்வீங்களா? அவரு பாத்தாருன்னு?"

"சொல்லுதேன். சாத்தினது நான்னும் சொல்லுதேன்."

அவள் முகவரியைத் தட்டினாள். கஸ்பார் கல்யாணமான புதிதில் கற்றுக்கொடுத்தது, விரல் மறக்கவில்லை. திரை வெள்ளையாகவே இருந்தது. வாய்க்குள் எண்ணினாள். ஒண்ணு. ரெண்டு. மூணு.

நீலக் கடலும் காற்றின் அம்புக்குறியும் வந்தன.

"வந்துட்டு" என்றாள். போனிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்: "இவ்வளவு நேரம்தானாண்ணே?"