உள்ளே விட்ட துணி

ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் போதும், அவள் ஒரு டம்ளர் வெறும் தண்ணீரோடு சமையலறை ஜன்னலோரம் போய் நின்றுவிடுவாள். காபி கூடாது, ஒரு வாய்கூட எதுவும் சாப்பிடக் கூடாது, சாயவோ படுக்கவோ கூடாது. மாத்திரையை முழுங்கிவிட்டு அரை மணி நேரம் நிமிர்ந்தே இருக்க வேண்டும். டாக்டர் சொன்ன விதி அது. ஆனால் விதி தெரியாதவர்கள் கண்ணுக்கு என்ன தெரியும்? வாரம் ஒரு நாள், வீடு அசந்திருக்கும் நேரம் பார்த்து, மருமகள் எதையோ திருட்டுத்தனமாக விழுங்குகிறாள் என்றுதான் தெரியும்!

அன்றைக்கு மாத்திரை இன்னும் உள்ளே போகவில்லை. உள்ளங்கையில்தான் இருந்தது. முதல் பிரசவத்தோடு அவளுடைய எலும்பெல்லாம் சாரம் இறங்கிப்போய்விட்டது. லட்சத்தில் ஒருத்திக்கு வருமாம், அவளுக்கு வந்தது. இந்த மாத்திரை போட்டுப் போட்டுத்தான் கொஞ்சம் தேறியிருக்கிறாள். இன்னொரு பிள்ளை வேண்டுமென்றால் முதலில் இதை நிறுத்த வேண்டும், நிறுத்தி மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

"வேணாம்னு நான் சொல்லமாட்டேன்" என்று போன வாரம் டாக்டரம்மா சொன்னாள். "முன்னைக்கு இப்ப தேவலை. ஆனா மறுபடி உடையாதுன்னு அடிச்சுச் சொல்லவும் என்னால முடியாது. யோசிச்சு முடிவு பண்ணிட்டு வாங்க."

அந்த யோசனையை ஒரு வாரமாகத் தனியாகச் சுமந்துகொண்டிருந்தாள். புருஷனிடம்கூட மூச்சு விடவில்லை. ஆசை இருந்தது... வாய்விட்டுச் சொல்ல வெட்கப்படும் அளவுக்கு ஆசை இருந்தது! பயமும் அதே அளவுக்கு இருந்தது.

"என்னம்மா, ஜன்னல்ல அப்படி என்ன வேடிக்கை?"

மாமியாரின் குரல். அவள் சட்டென்று கையை மூடினாள்.

தெருவுக்கே மாமியார் தையல்காரம்மா. முன்னறை முழுக்க அவள் ராஜ்யம்தான். வெட்டுகிற மேஜை, கால் மிஷின், மூலைக்கு மூலை துணி. கழுத்தில் எந்நேரமும் டேப் தொங்கும். அவளுக்குப் பின்னால், முந்தாநாள் பையோடு வந்து இறங்கிய நாத்தனார். குடும்பத்தில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். காதில் விழுந்தது வாய்வழியாக வெளியே போகாமல் அவளுக்குத் தூக்கம் வராது.

"ஒண்ணுமில்ல அத்தை."

"ஒண்ணுமில்லாததுக்கா கையை இப்படி மூடிக்கிறே?"

"அம்மா, இரு..." என்று ரேடியோ அம்மாவின் முழங்கையைத் தொட்டாள். "முதல்ல அந்தப் புது யூனிஃபார்ம் கோட்டைப் போட்டுப் பாக்கட்டும்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வை அவளுக்குப் பிடிக்கவே இல்லை. ராத்திரியே ஏதோ பேசி வைத்திருக்கிறார்கள்... என் பையைத் துழாவியிருப்பார்களோ? இரண்டு நாளாகக் கைப்பையின் ஜிப் பாதி திறந்தே கிடந்ததே!

ஓட்டல் வரவேற்பில் வேலை அவளுக்கு. புதுச் சீருடைக்குத் துணி கொடுத்திருந்தார்கள். கல்யாணமான புதிதில் மாமியார் தைத்துக் கொடுத்த பழைய கோட்டையே அளவுக்கு வைத்து, புதுசையும் தைத்து முடித்திருந்தாள் தையல்காரம்மா. அவள் கை பிசகியதாகச் சரித்திரமே கிடையாது.

அன்றைக்குப் பிசகியது! மருமகள் முன்னறைக்கு வந்து கோட்டை மாட்டிக்கொண்டதும் முதுகில் துணி மடிப்பு மடிப்பாகச் சரிந்தது. இடுப்புத் தையல் இடுப்பைவிட்டு இறங்கிப் போயிருந்தது. முன்பக்கமோ வயிற்றின்மேல் ஏறித் தூக்கிக்கொண்டு நின்றது.

"நான் சொன்னேன்ல!" ரேடியோவால் அடக்க முடியவில்லை. "முன்னாடி தூக்குது பாரும்மா. வயிறு!"

மாமியார் முகம் கல்லாகிவிட்டது. "எத்தனை மாசம்?"

"என்ன அத்தை பேசுறீங்க?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு. வீட்ல யாருக்கும் தெரியாம ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வரே. வாராவாரம் மாத்திரை முழுங்குறே. இப்ப வயிறு முன்னால வருது. நான் என்ன, காதுல பூ வச்சுக்கிட்டா இருக்கேன்? கையில இருக்கிறது என்ன மாத்திரை... கலைக்கிற மாத்திரையா?"

எது வேண்டும் என்று அவள் தவித்துக்கொண்டிருந்தாளோ, அதையே அழிக்கப் பார்க்கிறாள் என்றல்லவா பழி விழுகிறது! சொல்லிவிடலாம். ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். ஆனால் எலும்பு என்று ஆரம்பித்தால், எப்போது உடைந்தது, எப்படி உடைந்தது என்று கேள்வி வரும். அந்தக் கேள்விக்கான பதிலைத்தான் அவள் இத்தனை வருஷமாக இந்த வீட்டில் புதைத்து வைத்திருக்கிறாள்.

இந்த ரகளையில் பிள்ளை விழித்துக்கொண்டது. மிளகு என்று கூப்பிடுவார்கள். உருவம் அவ்வளவுதான், காரம் அதிகம். கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தவள், வழக்கம்போல மூலையில் இருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு, அதன்மேல் ஏறி நின்று, அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"பாத்தியாடி இந்தக் கண்றாவியை!" மாமியாரின் குரல் உடைந்தது. "பெத்த பிள்ளையை ஒரு நாளாவது குனிஞ்சு தூக்கியிருக்காளா? குழந்தை ஏணி போட்டு ஏறித்தான் அம்மாவைத் தொடணும்! பாலைக்கூட பாதியில நிறுத்தினவதானே... உடம்பு கெட்டுப்போயிடுமேன்னு நிறுத்தினவதானே நீ! அப்பவே எனக்குத் தெரியும், இவளுக்குப் பிள்ளைன்னாலே வேப்பங்காய்னு."

அந்த வார்த்தை நெஞ்சில் குத்தியது. அம்மா வீட்டுக்கு என்று இங்கே சொல்லிவிட்டுப் போய்ப் படுத்த ஆஸ்பத்திரிப் படுக்கையில், பாலை நிறுத்தச் சொன்னபோது அவள் அழுத அழுகை அவளுக்குத்தான் தெரியும். எலும்பில் மிச்சமிருப்பதும் பாலோடு போய்விடும் என்றார்கள். என்ன செய்வாள்?

சத்தம் கேட்டுப் புருஷன் வந்தான். லிஃப்ட் மெக்கானிக். ஊரில் இருக்கிற லிஃப்டையெல்லாம் ஓட வைக்கிறவன், அம்மாவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் மட்டும் இரண்டு மாடிக்கு இடையில் நின்றுபோவான்.

"அம்மா... விடுங்கம்மா. காலங்காத்தால..."

"நீ பேசாதடா! உனக்கும் இதுல கூட்டு இருக்கா?"

அவன் அவளைப் பார்த்தான். வேண்டாம் என்று அவள் கண்ணாலேயே சொன்னாள்.

அந்தக் கண்ஜாடையும் மாமியாருக்குத் தப்பவில்லை. "சரி. நீங்க ஒருத்தரும் சொல்ல வேணாம். என் டேப் சொல்லும்!" என்று கழுத்திலிருந்து டேப்பை உருவினாள். "நேரா நில்லு."

முதலில் இடுப்பைச் சுற்றி அளந்தாள். நெற்றி சுருங்கியது. பழைய கோட்டை எடுத்து மேஜையில் விரித்து இடுப்பை அளந்தாள். அதே அளவு. ஒரு நூல்கூடக் கூடவில்லை. அப்படியானால் வயிறு பெருக்கவில்லை. பின்னே துணி ஏன் இப்படி நிற்கிறது?

"கூன் போடாதே. நிமிந்து நில்லு."

"நிமிந்துதான் அத்தை நிக்கிறேன்."

பிடரியிலிருந்து இடுப்புவரை டேப்பை வைத்தாள். பார்த்தாள். எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். பழைய கோட்டின் முதுகை அளந்தாள். மறுபடி மருமகளின் முதுகுக்கு வந்தாள். இந்தத் தடவை டேப்பை விட்டுவிட்டு, கோட்டுக்கு மேலேயே விரலால் முதுகெலும்பைத் தடவிக்கொண்டே இறங்கினாள். நடுவில் ஓரிடத்தில் விரல் நின்றது.

"அம்மா, என்ன ஆச்சு?" என்றாள் ரேடியோ.

"நீ கொஞ்சம் வாயை மூடு." தையல்காரம்மாவின் குரலில் இப்போது கோபம் இல்லை. "முதுகு குறைஞ்சிருக்கு... ரெண்டு விரக்கடை குறைஞ்சிருக்கு! முதுகு சுருங்கினா வயிறு முன்னால பிதுங்காம எங்கே போகும்? வளந்த மனுஷிக்கு உயரம் எப்படிடீ குறையும்? எப்ப உடைஞ்சது? யார் பண்ணினா?"

அவளுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"மிளகு மூணு மாசக் குழந்தையா இருந்தப்போம்மா" என்றான் அவன்.

"என்னங்க! வேணாம்... எனக்குச் சத்தியம் பண்ணியிருக்கீங்க!"

"இன்னும் எத்தனை நாளைக்கு நீ திட்டு வாங்குவே? என்னால முடியல!" அம்மாவின் பக்கம் திரும்பினான். "மிஷினை ஜன்னல் பக்கம் நகர்த்தணும்னு நீங்க இவளைக் கூப்பிட்டீங்களே, அன்னிக்கு."

தையல்காரம்மா மெல்லத் திரும்பி, ஜன்னலோரம் நின்ற தன் மிஷினைப் பார்த்தாள்.

"மளுக்குன்னு ஒரு சத்தம் கேட்டுச்சே..." என்றாள். "மிஷின் காலுன்னுல்ல நினைச்சேன். உன்னைக் கூப்பிட்டு அந்தக் காலுக்கு எண்ணெய் போடச் சொன்னேனேடா! இவ அந்தப் பக்கம் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னா... நான் மிஷினைத்தானே பாத்தேன்... ஐயோ!"

அப்படியே மடங்கி உட்காரப் போனவளை மகன் பிடித்துக்கொண்டான். மருமகள் பதறிப்போனாள்.

"அத்தை, இதுக்குத்தான் சொல்லல! உங்களால இல்ல அத்தை. எலும்பு ஏற்கெனவே உளுத்துப் போயிருந்துச்சு. அன்னிக்கு நான் தும்மியிருந்தாலும் உடைஞ்சிருக்கும்னு டாக்டரே சொன்னாங்க. தெரிஞ்சா நீங்க அப்புறம் அந்த மிஷின்ல காலை வைக்கமாட்டீங்க. அது இல்லாம உங்களால இருக்க முடியுமா?"

"அதுக்காக? பாலை நிறுத்தினவ, பிள்ளையைத் தூக்காதவன்னு நான் வாய்க்கு வந்ததெல்லாம் பேசினேனே... அதையெல்லாம் வாங்கிக்கிட்டு இருந்தியா? பைத்தியக்காரி!"

ரேடியோ ஒலிபரப்பை நிறுத்தி வெகுநேரம் ஆகியிருந்தது. "அண்ணி... பையைத் திறந்து பாத்தது நான்தான்" என்று தரையைப் பார்த்துக்கொண்டு முனகினாள். "மாத்திரை அட்டையையும் ஆஸ்பத்திரி டோக்கனையும் பாத்துட்டு நானா ஒரு கதை கட்டிட்டேன்." அதற்குமேல் பேச முடியாமல் மிளகைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தாள்.

தையல்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இன்னொண்ணு, இன்னொண்ணுன்னு உன் உசிரை எடுத்தேனே. வேணாம்டி! ஒண்ணு போதும். இனிமே இந்த வீட்ல யாரும் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. முடிஞ்சுபோச்சு!"

"அதையும் நீங்களே முடிச்சுட்டீங்களா?"

எல்லாரும் திரும்பினார்கள். இத்தனை வருஷத்தில் மருமகளிடம் அந்தக் குரலை யாரும் கேட்டதில்லை.

"வேணும்னும் நீங்களே சொன்னீங்க, இப்ப வேணாம்னும் நீங்களே சொல்றீங்க. எனக்கு ஆசையா இருக்கான்னு ஒருத்தராவது கேட்டீங்களா?" மூடிய கையைத் திறந்து நீட்டினாள். மாத்திரை ஓரம் கரைந்து உள்ளங்கையில் ஒட்டிக்கிடந்தது. "எலும்புக்குப் போடுறது அத்தை இது. பிள்ளை வேணும்னா இதை நிறுத்தணும். டாக்டர் கிட்ட அதைக் கேக்கத்தான் தனியாப் போனேன். நிறுத்தலாமா வேணாமான்னுதான் சமையலறை ஜன்னல்ல நின்னுக்கிட்டிருந்தேன்... கலைக்கவான்னு கேட்டுட்டீங்களே!"

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?" என்றான் அவன்.

"நீங்கதான் பேச்சை எடுத்தாலே எழுந்து போறீங்களே. உடைஞ்சவ கிட்ட இன்னொரு பிள்ளை வேணாம்னு இருக்கீங்களோன்னு நினைச்சேன்."

"அடிப்பாவி! பயம்மா எனக்கு. ஆஸ்பத்திரியில உன்னைப் புரட்டிப் போட்டப்போ நீ கத்தின கத்தல் இன்னும் காதுல இருக்கு."

"எனக்கும் பயம்தான்" என்றாள் அவள். "ஆனா பயத்தையும் ஆசையையும் நான்தான் எடை போடணும். யோசிச்சு, நானே வந்து சொல்றேன். அதுவரைக்கும் யாரும் என்னை எந்தப் பக்கமும் இழுக்கக் கூடாது."

மாமியார் சமையலறைக்குப் போய் மாத்திரை அட்டையையும் ஒரு டம்ளர் தண்ணீரையும் எடுத்துவந்தாள்.

"முடிவு பண்ற வரைக்கும் போடணும்ல? கரைஞ்சதைத் தூக்கிப் போடு. புதுசா ஒண்ணு எடுத்துக்கோ."

அவள் முழுங்கினாள். மாமியார் காலி டம்ளரை வாங்கிக்கொண்டாள். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள்:

"கட்டிப் பிடிச்சுக்கலாமாம்மா? வலிக்குமா?"

"மெதுவா, அத்தை."

தையல்காரம்மா அவளைக் கட்டிக்கொண்டு தோளில் முகம் வைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதாள். முதுகில் மட்டும் கை படாமல் பார்த்துக்கொண்டாள். அரை மணி நேரம் அவளுக்குத் துணையாகத் தானும் காபி குடிக்காமல் ஜன்னலோரமே நின்றாள்.

அன்று மதியமே கோட்டைப் பிரித்துப் போட்டு, முதுகைக் குறைத்து மறுபடி தைத்தாள். சாயங்காலம் மருமகள் போட்டுப் பார்த்தபோது கச்சிதமாக இருந்தது. முதுகில் ஒரு சுருக்கம் இல்லை. பக்கத் தையல் மட்டும் கைக்குக் கொஞ்சம் தடிமனாகத் தட்டுப்பட்டது.

"இது என்ன அத்தை, இங்க மொத்தமா இருக்கு?"

"உள்ள துணி விட்டுத் தைச்சிருக்கேன்." மாமியார் ஊசியில் நூல் கோப்பதிலேயே கண்ணாக இருந்தாள். "வேணும்னு நீ வந்து சொன்னா பிரிச்சு விடுறேன். சொல்லலேன்னா அது பாட்டுக்கு உள்ளயே கிடக்கட்டும். நானும் கேக்கமாட்டேன்."