மத்தியானத்தில் கத்தும் பேருந்து

மருமகளைக் குறை சொல்ல வந்த மாமியார்களை அந்தப் பேருந்து நிலையம் நிறையப் பார்த்திருக்கிறது. மருமகளுக்காகப் பரிந்து பேச ஒரு மாமியார் வந்தது அன்றுதான் முதல் தடவை. அதனால், எதிர்ப்புறம் நகலெடுக்கும் கடை வைத்திருந்த ஜெராக்ஸ் அக்கா கடையை அப்படியே விட்டுவிட்டுச் சாலையைக் கடந்து வந்துவிட்டாள். அவளுடைய இயந்திரத்துக்கும் ஓய்வு தேவைப்பட்டது. மூன்று வாரத்துக்கு முன் பாலிடெக்னிக் பெண் ஒருத்தி, ஒயர் படங்களாக நிறைந்த இருநூற்று நாற்பது பக்கப் புத்தகத்தைக் கொண்டுவந்து, எழுத்தையெல்லாம் பெரிதாக்கி நகலெடுத்துப் போனாள். அதிலிருந்தே இயந்திரத்துக்கு இருமல்.

ஜெராக்ஸ் என்பது கடையால் வந்த பெயர் என்று அவள் சொல்லிக்கொள்வாள். காலையில் ஒரு சேதியை அவள் காதில் போட்டால் சாயங்காலத்துக்குள் ஊருக்குப் பத்துப் பிரதி போய்விடும் என்பதால் வந்த பெயர் என்று ஊர் சொல்லும்.

மாமியார் நுழைந்தது தவறவிட்ட பொருட்கள் அறைக்குள். அதன் பொறுப்பாளர், ஜெராக்ஸின் அக்காள் கணவர். அறையில் எப்போதும் அறுபது குடைகளாவது தொங்கும். அதனால் அவர் குடைக்காரர். ஒரு பொருள் வந்தால் அதைக் கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு அது யாருடையது என்று சொல்லிவிடுவார். ஒருமுறை ஒற்றைச் செருப்பின் தேய்மானத்தைப் பார்த்து, இடது காலை இழுத்து நடக்கும் ஒரு பள்ளி ஆசிரியரை மூன்றாம் நம்பர் வண்டியில் கண்டுபிடித்துக் கொடுத்தார். அன்றிலிருந்து பொருளைத் தொலைக்காதவர்களும் அவரைத் தேடி வர ஆரம்பித்தார்கள்.

"என் மருமக ஏழாம் நம்பர் ஓட்டறா, புது பேட்டரி வண்டி" என்றார் மாமியார், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து. "ரெண்டு வாரத்துல மூணு தடவை சாயங்காலம் நடுவழியில சார்ஜ் தீர்ந்து நின்னுடுச்சு. கடைசி தடவை ஆஸ்பத்திரிக்குப் போற ஜனம் அத்தனையும் இறங்கி நடந்துது. மத்தியான ஓய்வுல ஏசியைப் போட்டுக்கிட்டு வண்டிலயே தூங்கறாளாம். இல்லேன்னா அணைக்காம வீட்டுக்கு வந்துடறாளாம். மேனேஜர் சொல்றாரு. வெள்ளிக்கிழமை விசாரணை. இன்னும் பதினோரு நாள் போனா வேலை நிரந்தரம் ஆகியிருக்கும்ங்க."

"மத்தியானம் வீட்டுக்கு வர்றாங்களா?"

"பன்னெண்டே முக்காலுக்கு வருவா. ரெண்டே காலுக்குக் கிளம்புவா. நான் எதுத்தாப்புல உக்காந்து பாக்கறேன். மாமியார் சாட்சி செல்லாதுன்னுட்டாரு. இத்தனை வருஷமா மருமகளுக்கு எதிரா நாங்க சொன்னது மட்டும் எப்படிய்யா செல்லுச்சுன்னு கேட்டேன், கேட்டுட்டுத்தான் இங்க வந்தேன்."

ஜெராக்ஸுக்குச் சிரிப்பு வந்தது. குடைக்காரர் சிரிக்கவில்லை.

"அணைக்காம இறங்கினா என்ன ஆகும்?"

"கீச்சுக் கீச்சுன்னு கத்துமாம். அது கேக்காம இறங்கி வர அவ என்ன செவிடா? நான் அடுப்படியில மனசுக்குள்ள முணுமுணுத்தாக்கூட அவளுக்குக் கேக்கும். அஞ்சாறு தடவை சாப்பிட்டுத் திரும்பிப் போனப்போ வண்டி கத்திக்கிட்டு இருந்துச்சாம். அவளே போய் மேனேஜர்கிட்ட சொல்லியிருக்கா. அதையே அவ மேல திருப்பிட்டாங்க."

மறுநாள் மத்தியானம் ஒன்றே முக்காலுக்குக் குடைக்காரரும் ஜெராக்ஸும் பணிமனைக்குப் போனார்கள். நகரம் தன் கிழட்டு டீசல் வண்டிகளை ஒவ்வொன்றாகக் கழித்துவிட்டு, ஆறு பேட்டரி வண்டிகளை இறக்கியிருந்தது. வெள்ளை வெளேரென்று அவை வரிசையாக நின்றதைப் பார்த்தால், பழைய வண்டிகளின் நடுவே யாரோ புதுப் பல் கட்டிக்கொண்ட மாதிரி இருந்தது.

வாசலைத் தாண்டும்போதே ஜெராக்ஸுக்குக் கேட்டது. கொசுவின் குரலைக் கொஞ்சம் பெரிதாக்கியது போன்ற மெல்லிய கீச்சு. விட்டு விட்டு வந்தது.

"அத்தான், கத்துது" என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

ஏழாம் நம்பருக்குள் யாரும் இல்லை. பக்கத்து மரத்தடியில், வண்டி கழுவும் ஆள் காதில் துண்டைச் சுற்றிக்கொண்டு படுத்திருந்தார். ஊரில் அவருக்குக் குழாய் என்று பெயர்.

"இந்தச் சனியனால பதினஞ்சு நாளா கண்ண மூட முடியல" என்றார் குழாய். "நான் சாப்பிட்டு வந்து படுக்கறதுக்கு முன்னாடியே கத்த ஆரம்பிச்சுடுது. நான் கைய வெக்க மாட்டேன். தொட்டா நான்தான் கெடுத்தேன்பாங்க. ராத்திரி கழுவறதோட என் வேலை முடிஞ்சுது."

மேலாளர் வேகவேகமாக வந்தார். படித்த பிள்ளை, நல்ல பிள்ளை. ஆறு வண்டிகளையும் தானே பெற்றது போலப் பார்ப்பவர். "பாத்தீங்களா சார்? இன்னிக்கும் அணைக்கல. இது சாவி இல்லாத வண்டி, பொத்தான்தான். மூணு எண்ற வரைக்கும் அழுத்திப் பிடிக்கணும். சும்மா தட்டினா திரை மட்டும் அணையும். கூரை மேல ஏசி ஓடிக்கிட்டே இருக்கும். அதை ஞாபகப்படுத்தத்தான் இந்தச் சத்தம்."

"கேமரா?"

"வாசல்ல இருக்கு. உள்ள எதுக்கு சார், எல்லாம் நம்ம ஆளுங்கதானே."

குடைக்காரர் பொத்தானை அழுத்தி மூன்று எண்ணினார். கீச்சு நின்றது. பிறகு இறங்கி, வண்டியை ஒரு குடையைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு நின்றார். ஜெராக்ஸும் அவர் பார்த்த இடத்தையெல்லாம் பார்த்தாள். முன் கண்ணாடி முழுக்கப் புழுதி. நடுவில் மட்டும் இரண்டு விசிறி வடிவத்தில் துடைத்த சுத்தம். வைப்பர் ஓடிய தடம். மழை பெய்து மூன்று வாரம் ஆகிறது. நடுக் கதவுக்கு வெளியே மண்ணில், ஒன்றன்மேல் ஒன்றாக ஏழெட்டு நேர்க்கோடுகள்.

"இது என்ன கோடு?"

"சக்கர நாற்காலி ஏத்தற பலகை வெளிய நீண்டு இறங்கும் சார், அது படற இடம்" என்ற மேலாளர், சொன்ன பிறகு யோசித்தார். "ஆனா பணிமனைல யாரு ஏறப் போறாங்க?"

அடுத்து பட்டறை. அங்கே தலைமை மெக்கானிக் ஒரு டீசல் வண்டியின் வயிற்றுக்குள் குனிந்திருந்தார். எல்லோருக்கும் அவர் டீசல் அண்ணன். நீளமான திருப்புளியின் முனையை ஓடும் எஞ்சின் மேல் வைத்து, மரப்பிடியைப் பல்லால் கடித்துக்கொண்டு, கண்ணை மூடி நின்றார். பிடி முழுக்கப் பல் தடம்.

"மூணாவது சிலிண்டர்" என்றார் கண்ணைத் திறந்து. உதவியாள் எஞ்சினை நிறுத்திப் பிரித்துப் பார்த்தார். மூன்றாவது சிலிண்டர்தான்.

"புது வண்டியா? அது பொம்மைங்க" என்றார், குடைக்காரரின் வாயையே பார்த்தபடி. "நான் தொடறதே இல்ல." அவருக்குப் பின்னால் மேசைமேல் அவருடைய கைபேசி மெல்லிசாகக் கிணுகிணுத்து, அலுத்துப்போய் ஓய்ந்தது. அவர் திரும்பவில்லை.

கிளம்பும்போது, குனிந்திருந்த அவர் முதுகைப் பார்த்துக் குடைக்காரர் கேட்டார்: "அண்ணே, பொண்ணு என்ன படிக்குது?" பதில் இல்லை. குடைக்காரர் சுற்றிக்கொண்டு முன்னால் போய் அதையே மறுபடி கேட்டார். அண்ணன் முகம் மலர்ந்தது. "பாலிடெக்னிக்குங்க. எலெக்ட்ரிகல்."

வெளியே வந்ததும் மேலாளர் சொன்னார்: "அடுத்த மாசம் கடைசி டீசல் வண்டியும் போயிடும். புது வண்டிப் பரீட்சைல தேறினவங்களுக்குத்தான் பட்டறை. மத்தவங்க கேட் டியூட்டி. அண்ணன் பேரே கொடுக்கல சார். முப்பத்தோரு வருஷ அனுபவம். நான் என்ன பண்றது?"

திரும்பும் வழியெல்லாம் ஜெராக்ஸ் விசாரணையை நடத்தித் தீர்ப்பும் எழுதிவிட்டாள்.

"டீசல் அண்ணன்தான் அத்தான். புது வண்டி மேல கடுப்பு. கூப்பிட்டா திரும்பிப் பாக்குதா பாருங்க, திமிர். சார்ஜ இறக்கிவிட்டு வண்டியக் கெட்ட பேரு எடுக்க வைக்குது."

"கெடுக்க நினைக்கறவன் விளக்கைப் போட்டுட்டு ஓடிடுவான். வைப்பரை எதுக்கு ஓட்டறான்? பலகைய ஏழெட்டுத் தடவ எதுக்கு இறக்கி ஏத்தறான்?"

"அப்போ குழாய். ஏசில தூங்குது."

"தூங்கறவன் அந்தக் கீச்சுல தூங்குவானா? காதுல துண்டைக் கட்டிக்கிட்டு வெயில்ல கிடக்கறாரு பாவம்." நடந்துகொண்டே அவள் பக்கம் திரும்பினார். "உன் மெஷினை இருமவெச்ச புத்தகம் என்னது?"

"ஏதோ காலேஜ் புத்தகம். அட்டை கூட இல்ல."

"கல்யாணப் பத்திரிகைய நகலெடுக்கக் கொடுத்தாக்கூட மாப்பிள்ளை சம்பளம் வரைக்கும் விசாரிப்ப. இதைப் படிக்கலையா?"

"ஒயரைப் போய் யாரு அத்தான் படிப்பாங்க?"

"யாரோ படிக்கறாங்க" என்றார். "சின்ன எழுத்து கண்ணுக்குத் தெரியாதவங்க."

வியாழக்கிழமை மத்தியானம், அவர் கேட்டுக்கொண்டபடி எல்லோரும் ஏழாம் நம்பருக்குள் கூடினார்கள். மேலாளர், குழாய், டீசல் அண்ணன், தூக்கமில்லாமல் கண் உள்ளே போயிருந்த ஓட்டுநர் பெண். முன் இருக்கையில் மாமியார், பயணச்சீட்டு எடுத்த தோரணையில். ஜெராக்ஸ் எல்லா முகமும் தெரிகிற மாதிரி ஒரு இடம் பிடித்தாள். இந்த விஷயத்தில் அவளுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

குடைக்காரர் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பொத்தானைத் தட்டினார். திரை ஒளிர்ந்தது. மறுபடி தட்டினார். திரை அணைந்தது. எழுந்து வந்தார்.

கீச்சு ஆரம்பித்தது.

மாமியார் காதைப் பொத்திக்கொண்டார். குழாய் முகத்தைச் சுளித்தார். ஓட்டுநர் பெண் தன்னையறியாமல் அணைக்க எழுந்தாள். "சார், நிறுத்துங்க" என்றார் மேலாளர்.

டீசல் அண்ணன் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்.

சத்தம் தொடர்ந்தது. பேச்சு நின்றது. எல்லோரும் தன்னையே பார்ப்பது புரிய அண்ணனுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பொத்திய காதைப் பார்த்தார். அணைந்து கிடந்த திரையைப் பார்த்தார்.

"என்ன?" என்றார் மெதுவாக. "ஏதாவது கேக்குதா?"

சேதி சொல்ல என்றைக்கும் முந்திக்கொள்ளும் ஜெராக்ஸ்கூடத் தரையைப் பார்த்தாள்.

குடைக்காரர் போய்ப் பொத்தானை அழுத்தி நிறுத்திவிட்டு, அண்ணனுக்கு நேர் எதிரே வந்து உட்கார்ந்தார். வாய் தெரியும்படி நிதானமாகப் பேசினார்.

"மன்னிக்கணும் அண்ணே. தனியா கேட்டிருந்தா இல்லைன்னிருப்பீங்க. நாளைக்கு இந்தப் பொண்ணு வேலை போயிருக்கும். வைப்பர், பலகை, ஏசி எல்லாத்தையும் ஒருத்தர் ஒண்ணொண்ணா போட்டுப் பாத்திருக்காரு. கத்துக்கறவங்கதான் அப்படிச் செய்வாங்க. எல்லாரும் சாப்பிடற நேரமாப் பாத்துச் செய்யறாரு. கத்துக்கறது தெரியக் கூடாதுன்னு. திரையத் தட்டி அணைச்சுட்டு, வண்டி கத்தக் கத்த இறங்கிப் போறாரு. கேட்டிருந்தா அணைச்சிருப்பாரு. அந்த மாதிரி மெல்லிசு சத்தம் அவருக்குக் கேக்கல. உங்க போன் உங்க முதுகுக்குப் பின்னாடியே அடிச்சு ஓஞ்சுது. நான் முதுகுல கேட்ட கேள்விக்குப் பதில் இல்ல, முகத்துக்கு நேரா கேட்டதும் வந்துது. எஞ்சினை நீங்க பல்லால கேக்கறீங்க, எலும்பு வழியா."

"அந்தப் புத்தகம்" என்றாள் ஜெராக்ஸ், இப்போதுதான் விளங்கியவளாக. "வண்டிப் புத்தகம். நான்தான் பெருசு பண்ணிக் கொடுத்தேன்."

அண்ணன் தலையைக் குனிந்தார். "பொண்ணுதான் ராத்திரி ராத்திரி படிச்சு அர்த்தம் சொல்லும். மறுநாள் மத்தியானம் வந்து போட்டுப் பாப்பேன். பரீட்சைல என் பையன் வயசுப் பசங்களுக்கு நடுவுல தோத்துட்டா என்ன பண்றது? தேறுவேன்னு தைரியம் வந்த அப்புறம் பேர் கொடுக்கலாம்னு இருந்தேன்." ஓட்டுநர் பெண்ணைப் பார்க்காமல் சொன்னார்: "நான் அணைச்சேம்மா. சத்தம் இல்லேன்னா வண்டி நின்னுடுச்சு. முப்பத்தோரு வருஷமா எனக்கு அதான் கணக்கு. உன்னைத் திட்டறாங்கன்னு கேள்விப்பட்டப்போ, நீ மறந்திருப்பேன்னுதான் நானும் நெனச்சேன்."

"பதினஞ்சு நாளா நான் தூங்கலண்ணே" என்றாள் அவள். "நானே என்னைச் சந்தேகப்பட ஆரம்பிச்சுட்டேன். பொத்தானை அழுத்திட்டு விரலைப் பாத்துக்கிட்டே வீட்டுக்குப் போவேன்."

மேலாளர் கையிலிருந்த விசாரணைக் கடிதத்தை இரண்டாக மடித்து, நான்காக மடித்து, கடைசியில் கிழித்தார். "சாரி மேடம்" என்றார். பிறகு அண்ணனிடம், குரலை உயர்த்தி: "உங்களைக் கேட்டிருக்கணும்ணே. பரீட்சை விஷயத்தை அறிவிப்புப் பலகைல ஒட்டினதோட விட்டுட்டேன்."

"கத்த வேண்டாம்பா. வாயப் பாத்தாலே புரியும்."

ஓட்டுநர் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். இருக்கையில் உட்கார்ந்தாள், பொத்தானை இரண்டு தடவை தட்டினாள், எழுந்தாள். மறுபடி கீச்சு.

"உங்க திருப்புளி எங்கண்ணே?"

அவர் புரியாமல் பையிலிருந்து எடுத்தார். அவள் முன்பலகையில் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினாள். அண்ணன் முனையை அங்கே வைத்தார், பிடியைக் கடித்தார், கண்ணை மூடினார்.

"இதா?" என்றார் பிடியைக் கடித்தபடியே. "இந்தக் குருவிக் குஞ்சா?"

"அதேதான். நாளைலேர்ந்து மத்தியானம் நானும் வண்டில இருக்கேன். அது கத்தினா நான் சொல்றேன். நீங்க பேர் கொடுங்க."

"அதெல்லாம் சரி" என்றார் மாமியார். "ஏழாம் நம்பர்ல ஏறினா ஆஸ்பத்திரி வாசல்லயே இறங்கலாம். முதல்ல காது டாக்டரைப் பாக்கச் சொல்லு. அப்புறம், உனக்குச் சாப்பாடு?"

"டப்பால கட்டிக் கொடுங்க அத்தை."

"கட்டிக் கொடுக்கறேன்" என்றவர், டீசல் அண்ணனை ஒரு பார்வை பார்த்தார். "ரெண்டு டப்பாவா."

அன்று சாயங்காலம், மருமகள் மேல் தப்பில்லை என்ற சேதி வழக்கம் போல ஊருக்குப் பத்துப் பிரதி போனது. பிறகு யார் அணைக்காமல் விட்டது என்று கேட்டவர்களிடம், "மெஷின் கோளாறு" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஜெராக்ஸ் தன் மெஷினைப் போட்டாள். அது இருமிக்கொண்டே ஓட ஆரம்பித்தது.