உங்கள் பாதுகாப்புக்காக ஒரு கேள்வி

கண்ணாடிக்கடைக்காரர் அன்று கடையை நேரத்தோடு சாத்திவிட்டு வீட்டுக்கு வந்தபோது மணி ஐந்தைத் தாண்டியிருந்தது. படுக்கையறையில் மச்சினி தன் அக்காவின் துணிமணிகளை அட்டைப்பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அக்கா போய் இரண்டு மாதமாகிவிட்டது. பெட்டியை ஒட்டும் டேப் சர்ரென்று கிழிகிற சத்தம் கூடம் வரைக்கும் கேட்டது.

"வாங்க அத்தான். என்ன, சீக்கிரமே வந்துட்டீங்க?"

"தலைவலி" என்றார்.

தலைவலியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. மத்தியானம் அவர் போனுக்கு ஓர் அறிவிப்பு வந்திருந்தது. மனைவியின் மின்னஞ்சல் கணக்குக்கு மாற்று முகவரியாக அவருடைய முகவரிதான் இருந்தது. அதனால் அவருக்கு வந்தது.

'நீங்கள் நேற்று எழுதிய கடிதம் இன்று மாலை ஆறு மணிக்குத் தங்கைக்கு அனுப்பப்படும்.'

நேற்றாம்! செத்தவள் நேற்று எப்படி எழுதுவாள்? யோசிக்க யோசிக்க ஒரே ஆள் மேல்தான் சந்தேகம் விழுந்தது. எல்லாம் இந்த மச்சினியின் வேலை. அக்காவின் கணக்குக்குள் நுழைந்து, தனக்குத்தானே கடிதம் போட்டு, அத்தான் முகம் எப்படி மாறுகிறது என்று நோட்டம் பார்க்கிறாள். கடிதத்தில் என்ன இருக்கிறதென்று பார்த்தாக வேண்டும். ஆறு மணிக்குள் அழித்தாக வேண்டும்.

கணினியைத் திறந்து கூடத்து மேசையில் உட்கார்ந்தார்.

"உங்க அக்கா பாஸ்வேர்ட் உனக்குத் தெரியுமா?" என்று குரலில் ஒன்றும் காட்டாமல் கேட்டார்.

"எனக்கா? நல்லா கேட்டீங்க போங்க! தன் பிறந்தநாளையே ரெண்டு சாட்சி வச்சாதான் சொல்லுவா அவ. எதுக்கு அத்தான்?"

"சும்மாதான். போட்டோ ஏதாவது இருக்குமேன்னு."

டேப் சத்தம் நின்றது. ஒரு நிமிடம் கழித்துத்தான் மறுபடி தொடங்கியது.

அவருக்குத் தெரிந்த பாஸ்வேர்டை அடித்தார். தவறு. 'கடவுச்சொல் இரண்டு மாதங்களுக்கு முன் மாற்றப்பட்டது' என்று வந்தது. அவள் செத்ததும் அப்போதுதான். குறியீடு அனுப்பட்டுமா என்று கேட்டது, முப்பத்தாறில் முடியும் அவள் எண்ணுக்கு. அந்த சிம் கார்டை அவரே கத்தரிக்கோலால் இரண்டாக நறுக்கிச் சாக்கடையில் போட்டிருந்தார். கடைசி நேரத்தில் யாருக்காவது ஏதாவது அனுப்பியிருப்பாளோ என்ற பயம். அந்தச் சாமர்த்தியம் இப்போது அவர் காலையே வாரியது.

'வேறு வழியில் சரிபார்க்க' என்பதை அழுத்தினார்.

'உங்கள் பாதுகாப்புக்காகச் சில கேள்விகள்.'

அது அவள் வாயில் தினம் வந்த வார்த்தை. ஒரு தொலைபேசி நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையில் பதினொரு வருஷம் இருந்தவள். கூப்பிடுகிறவர் நிஜ ஆள்தானா, இல்லை கள்ளனா என்று கேள்வி கேட்டே கண்டுபிடிப்பாள். கத்த மாட்டாள், அதட்ட மாட்டாள். பதில் தப்பென்றால் அதே கேள்வியை அதே மரியாதையோடு திரும்பக் கேட்பாள். "கள்ளன் முதல்ல ரெடியா வச்சிருக்கற பதிலத்தான் சொல்லுவான். நாம பாட்டுக்குக் கேட்டுட்டே இருக்கணும்" என்பாள். வீட்டிலும் அப்படித்தான். இரண்டு வருஷமாக அவள் கேட்ட கேள்விகளில் அவர் வெந்து போயிருந்தார்.

முதல் கேள்வி வந்தது. 'நான் வேலைக்குச் சேர்ந்த வருடம்?' அடித்தார். சரி.

இரண்டாவது. 'கடைசியாக நாம் எதற்காகச் சண்டை போட்டோம்?'

இதை எவள் எழுதி வைத்தாள்? படுக்கையறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். மச்சினி முதுகைக் காட்டி உட்கார்ந்து மடித்துக்கொண்டிருந்தாள். அவள் கையில் போன் இல்லை. அது தரையில் கவிழ்ந்து கிடந்தது.

'இரவு ஒன்பது வரை எங்கே இருந்தீர்கள் என்று கேட்டாய்' என்று அடித்தார்.

சரி.

மணி ஐந்து ஐம்பது.

'அன்று இன்ஹேலர் எங்கே இருந்தது?'

கூடத்தில் மருந்து வாசனை வந்தது. இன்ஹேலரை அழுத்தினால் வருமே, அந்தத் தித்திப்பான வாசனை.

ஊருக்கெல்லாம் சொன்ன பதில் கைவசம் இருந்தது. 'இழுப்பறையில்.'

தவறு. 'அன்று இன்ஹேலர் எங்கே இருந்தது?'

'கட்டிலுக்கு அடியில் விழுந்து கிடந்தது.'

தவறு. 'இன்னும் ஒரு முயற்சி மீதமுள்ளது. அன்று இன்ஹேலர் எங்கே இருந்தது?'

அவர் முதுகுக்குப் பின்னால் யாரோ மூச்சுக்குத் தவித்தார்கள்.

மெல்லிய விசில்.

இழுத்து, நின்று, மறுபடி இழுத்து.

"உனக்கு வீசிங் இருக்கா?" என்று குரல் கொடுத்தார்.

"எனக்கு எங்க அத்தான்? அக்காவுக்குத்தானே?" என்று பதில் வந்தது, படுக்கையறையிலிருந்து.

விசில் அவர் காதருகே இருந்தது.

அவர் திரும்பவில்லை. திரும்பத் தைரியம் இல்லை. மணி ஐந்து ஐம்பத்தெட்டு. யாரிடமும் சொல்லாததை எழுத்தெழுத்தாக அடித்தார்.

'என் சட்டைப் பையில். கேட்பதை நிறுத்தட்டும் என்று எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனேன். பத்து நிமிடம். அவ்வளவுதான் நினைத்தேன்.'

சரி.

கணக்கு திறந்தது. ஒரே ஒரு கடிதம், தங்கைக்கு. உள்ளே ஒரு வார்த்தை இல்லை, வெள்ளைத்தாள். அப்பாடா என்று மூச்சு வந்தது அவருக்கு. அழிப்பதற்கான பொத்தானை அழுத்தினார். அது அசையவில்லை. மறுபடி அழுத்தினார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த வெள்ளைத்தாளில் வரிகள் வந்தன. மூன்று கேள்விகள். மூன்று பதில்கள். பதில்களுக்குக் கீழே அவர் பெயர்.

மணி ஆறு.

படுக்கையறையில் 'டிங்' என்றது.

டேப் சத்தம் நின்றது. அவர் காத்திருந்தார். இந்தமுறை அது மறுபடி தொடங்கவில்லை.

வெகுநேரம் கழித்து மச்சினி படுக்கையறை வாசலுக்கு வந்து நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை. ஒரு கையில் போன். இன்னொரு கையில் நீலக்கோடு போட்ட ஆண் சட்டை. அதை அவர் அன்றைக்கே, பையில் இருந்ததோடு சேர்த்துச் சுருட்டி, கடைக்குப் பின்னால் குப்பையில் போட்டுக் கொளுத்தியிருந்தார். சாம்பலைக் காலால் கலைத்துவிட்டுத்தான் வந்தார்.

"அக்கா துணிக்கு நடுவுல இருந்துச்சு" என்றாள். "பையில என்னமோ கனமா இருக்கு, அத்தான்."

"நீதானே... நீதானே அந்தக் கணக்குல..."

"பாவி. அவ துடிச்சிட்டு இருந்தப்ப பால்கனில நின்னியா நீ?"

இருபது வருஷ உறவில் அவள் அவரை 'நீ' என்று சொன்னது அன்றுதான். சட்டையை அவர் மடியில் வீசி எறிந்தாள். வாசல் கதவைத் திறந்துபோட்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டே மடமடவென்று படியிறங்கினாள்.

அவர் எழுந்து ஓடித் தடுத்திருக்கலாம். எழ முடியவில்லை. நெஞ்சில் யாரோ உட்கார்ந்தது போல் இருந்தது. மூச்சை இழுத்தால் பாதிதான் உள்ளே போனது. மடியில் கிடந்த சட்டைப் பையைத் துழாவினார். இன்ஹேலர் கையில் பட்டது. வாயில் வைத்து அழுத்தினார்.

காலி.

எதிரே திரை ஒருமுறை அணைந்து எரிந்தது.

'சரிபார்ப்புக்கு நன்றி. உங்களுக்கு வேறு ஏதாவது உதவி தேவையா?'