தௌயாங்கின் வடக்கு வாசல்

சோயாக் கட்டி விற்கும் மியாவ் சுய்லான் முடிதிருத்தும் கடைக்குள் நுழைந்தபோது, ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் ருவான் பாதி முகம் நுரையோடு நாற்காலியில் சாய்ந்திருந்தார்.

“அண்ணே, என் வீட்ட இடிக்கப் போறாங்க.”

போன வாரம் அவள் வீட்டுக் கொல்லையில், ஆற்றங்கரையை ஒட்டி, ஒரு கல்வெட்டு கிடைத்திருந்தது. மிங் அரசர்கள் காலத்தில் தௌயாங்தான் மாவட்டத் தலைநகர் என்றும், அதன் வடக்கு வாசல் அங்கேதான் இருந்தது என்றும் அது சொன்னது. ஊர்த்தலைவர் ஹௌ சிவப்புத் துணி போர்த்தி, ஒரு மணி நேரம் பேசி, வாசலைத் திரும்பக் கட்டுவதாக அறிவித்துவிட்டார். கம்யூனாக இருந்து, ஊராட்சியாகி, பேரூரான இடம் தௌயாங். ஒவ்வொரு தடவையும் மாறியது பெயர்ப்பலகை மட்டும்தான். இப்போது பக்கத்து ஊரான பைகௌவோடு இணைத்துவிடுவார்கள் என்று பேச்சு. பழைய தலைநகர் என்றால் தொடமாட்டார்களாம்.

“கல்லப் பொதைச்சு வெச்சது தலைவருதாண்ணே,” என்றார் முடிதிருத்துபவர் பாங், கத்தியை வீசி. குற்றவாளியை முதல் நிமிடத்தில் பிடித்துவிடுவது அவர் வழக்கம். இதுவரை ஒருமுறைகூடச் சரியாக இருந்ததில்லை.

“மொதல்ல மீதி மொகத்த முடி,” என்றார் ருவான்.

சுய்லான் வீட்டுக் கொல்லைக்குப் போனதும் கல்வெட்டைப் பாங் உரக்கப் படித்தார். “வடக்கு வாசலில் இறங்கித் தோணி ஏறி, தௌ ஆற்றைக் கடந்தால் அரசரின் தலைநகருக்குப் போகும் சாலை.” எதிரே ஆறு ஓடிக்கொண்டிருந்தது. “சரியாத்தான இருக்கு?”

ருவான் ஊருக்குத் தெற்கே நடந்தார்; பாங் பின்னாலேயே போனார். சீமைப்பனிச்சைப் பழத்தோப்பின் நடுவே பழைய கல்பாலம் ஒன்று நின்றது. அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. கூழாங்கல்தான். மேலே யாரோ மிளகாய் காயப்போட்டிருந்தார்கள். ருவான் மிளகாயை ஒதுக்கி உட்கார்ந்து, ஒரு பழம் தின்றுவிட்டு எழுந்தார். பாங்குக்குத் தும்மல்தான் மிச்சம்.

மாலையில் கல்வெட்டின் முன் எல்லோரும் கூடினார்கள். தலைவர் ஹௌ வயிற்றை முன்னால் அனுப்பிவிட்டுப் பின்னால் வந்தார். கல்லைக் கண்டெடுத்த கலாசார நிலைய அதிகாரி சியாங் ஓரமாக நின்றார்.

“பாங், ஊர்ப் பேருல ‘யாங்’ எப்ப வைப்பாங்க?” என்றார் ருவான்.

“ஆத்துக்கு வடகரையில இருந்தா. இது எங்க சின்னக் கொழந்தைக்கும் தெரியும்.”

“நம்ம ஊரு எந்தக் கரை?”

பாங் ஆற்றைப் பார்த்தார். ஊரைப் பார்த்தார். “தென்கரை,” என்றார் மெதுவாக. “அட, எங்க தாத்தா காலத்து வெள்ளத்துலதான ஆறு இந்தப் பக்கம் தாவுச்சு. அதுக்கு முன்னாடி அந்தப் பாலத்துக்கடியிலதான் ஓடிச்சு.”

“அப்ப மிங் காலத்துல வடக்கு வாசல்ல தோணி ஏறினவன் மண்ணுலதான் துடுப்புப் போட்டிருக்கணும். தலைவரே, கல்ல நீங்க படிச்சீங்களா?”

“நான் உரை படிச்சேன்,” என்றார் ஹௌ.

“உங்க நெத்தியில அந்தத் தழும்பு எப்பிடி வந்துச்சு?” என்றார் ருவான்.

“சின்ன வயசுல அந்தப் பாலத்துலேருந்து விழுந்தது. ஆத்துப் பாலத்துக்கடியில தண்ணி இல்லியேன்னு எங்கப்பா...” சொல்லும்போதே அவர் குரல் இறங்கியது.

“உள்ளூர்க்காரன் பொய் எழுதினாலும் ஆத்தத் தெக்கேதான் வைப்பான். இன்னிக்கு ஓடற ஆத்தப் பார்த்து எழுதினவரு வெளியூர்லேருந்து மாத்தலாகி வந்தவரு.”

சியாங் தலைகுனிந்தார். “பத்து வருஷமா இங்க இருக்கேன். எனக்கு வேற ஊரு கெடையாது. இணைச்சுட்டா பேரே போயிடும்னு... ஆத்தங்கரைன்னு எடத்தக் குறிச்சேன். சுய்லான் வீடு நெனப்புக்கே வரல.”

“பேரக் காப்பாத்தப் போனவரு பேரப் படிக்கலியே,” என்றார் ருவான், கடிந்துகொள்ளாமல். “அதிகாரிங்க வந்தா அந்தப் பாலத்தக் காட்டுங்க. எங்கயும் எழுதாத சாட்சி.”

ஹௌ திட்டத்தைக் கைவிட்டார். அதற்கும் ஓர் உரை இருந்தது.

சுய்லான் சியாங்கிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “கல்லு நல்ல கனமா?”

மறுநாளிலிருந்து கல்வெட்டு அவள் கடையில் குப்புறக் கிடந்து சோயாக் கட்டியை அழுத்தித் தண்ணீர் வடித்தது. கட்டிகள் மேல் எழுத்துகள் இடம்வலம் மாறிப் பதிந்து வந்தன. ஊர்க்காரர்கள் அந்தக் கல்வெட்டைக் கூர்ந்து படித்தது அப்போதுதான்.