ஹார்லிக்ஸ் பாட்டிலில் துவரம்பருப்பு

எங்கள் வீட்டுச் சமையலறையில் எந்தப் பாட்டிலையும் நம்ப முடியாது. ஹார்லிக்ஸ் பாட்டிலில் துவரம்பருப்பு இருக்கும். ஊறுகாய் பாட்டிலில் சீரகம் இருக்கும். பிஸ்கட் டப்பாவில் ஆசையாகக் கையை விட்டால் காய்ந்த மிளகாய்!

“லேபிள யாருடி படிப்பா? தொறந்து பாரு, சோயா!” என்பார் அம்மா.

அந்தப் பேச்சுக்கு நான் நன்றி சொல்வேன் என்று நினைத்ததே இல்லை. போன மே மாதம் சொன்னேன்.

எங்கள் யூனிஸ் டீச்சர் ஊரப்பாக்கத்தை விட்டு நாகர்கோவிலுக்குப் போகிறார். அன்று சாயங்காலம் தாம்பரத்தில் ரயில். அதற்கு முன் பள்ளிக்கு விடைபெற வந்திருந்தார்.

அவருக்குக் கொடுக்க எங்களிடம் ஒரு ரகசியப் பரிசு இருந்தது. பரீட்சை முடிந்த அன்று, வகுப்பில் எல்லாரும் கம்ப்யூட்டர் அறைக்குப் போய், மைக்கில் ஆளுக்கொரு வரி நன்றி சொன்னோம். அசார்தான் அதைப் பதிவு செய்து வைத்தான். பிறகு லீவு விட்டு எல்லாரும் ஊருக்குப் பறந்துவிட்டார்கள். அசாரும்தான். அதை சி.டி.யில் போட்டு டீச்சரிடம் கொடுப்பது என் பொறுப்பு.

படப்பையிலிருந்து இந்தப் பள்ளிக்கு வந்த புதிதில் நான் வாயே திறக்க மாட்டேன். டீச்சர் திட்டவில்லை. தினமும் வருகைப் பதிவேட்டை என் கையில் கொடுத்து, “பேர் கூப்பிடும்மா” என்றார். கூப்பிட்டுக் கூப்பிட்டே பேச ஆரம்பித்தேன். அவரை வெறுங்கையோடு அனுப்ப முடியுமா?

கம்ப்யூட்டர் அறையில், கம்ப்யூட்டர் சொல்லித் தரும் ராஜகோபால் சார் அந்த ஃபைலைத் திறந்தார். திரை முழுக்கக் கட்டமும் கோடும் கிறுக்கலுமாக வந்தது. சத்தமே இல்லை.

“ஃபைல் கெட்டுப் போச்சும்மா. அசார் ஏதோ சொதப்பிட்டான்” என்றார் சார்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இனி எல்லாரையும் எங்கே போய்த் தேடுவது?

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஃபைலின் பெயரைப் பார்த்தேன். பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளியும் மூன்று எழுத்தும் இருக்கும். உள்ளே இருப்பது பாட்டா, படமா, எழுத்தா என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது அந்த வால்தான். இதற்கு எழுத்து ஃபைலின் வால் இருந்தது. நாங்கள் ஒரு எழுத்துகூட எழுதவில்லையே!

“சார், இது ஹார்லிக்ஸ் பாட்டில்!” என்று கத்தினேன்.

“என்னது?”

“லேபிள் ஒண்ணு, உள்ள வேற சார்! நீங்க ரெக்கார்ட் பண்ண பிரேயர் பாட்டு இருக்குல்ல? அதையும் இதே மாதிரி, எழுத்து ஃபைல் தொறக்கிற நோட்பேட்ல தொறந்து காட்டுங்க. ரெண்டும் ஒரே மாதிரி இருக்கான்னு பாக்கலாம்.”

சார் சிரித்துக்கொண்டே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்தார். இரண்டிலும் ஒரே கிறுக்கல்தான். ஆனால் முதல் வரியை எழுத்தெழுத்தாகப் படித்தேன். ஆர், ஐ, எஃப், எஃப். கொஞ்சம் தள்ளி ‘வேவ்’ என்ற சொல். அதிலும் அதே! இதிலும் அதே!

“அட, ஒலி ஃபைல்தான்!” சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிரேயர் பாட்டின் வாலையே இதற்கும் வைத்து, மறுபடி திறந்தார்.

“டீச்சர், ரொம்ப தேங்க்ஸ்…” என்று ஸ்பீக்கரில் ஜெரூஷா பேசினாள். நான் குதித்த குதியில் நாற்காலி கவிழ்ந்தது.

சத்தம் கேட்டு டீச்சரே உள்ளே வந்துவிட்டார். ஒவ்வொரு குரலுக்கும் பெயர் சொல்லிச் சிரித்தார். “பேர் கூப்பிடக் குடுத்தீங்களே, அதுக்கு தேங்க்ஸ் டீச்சர்” என்று என் குரல் வந்ததும், கைக்குட்டையை எடுத்தார்.

முடிந்துவிட்டது என்று நினைத்தோம். அப்போது ஸ்பீக்கரில் அசார் கிசுகிசுத்தான்.

“டேய் தௌசிப், டீச்சர் இந்தக் கம்ப்யூட்டர்லதான் மார்க் ஏத்துவாங்க. பாத்தா கேட்டுருவாங்க. பேர எழுத்து ஃபைல் மாதிரி மாத்தி வெச்சிடறேன். சோயாகிட்ட மட்டும் சொல்லிடாத. அவ ஓட்டவாய்! ஊருக்கே சொல்லிடுவா!”

எனக்குக் கோபமான கோபம். அசார் ஊரிலிருந்து வரட்டும்!

டீச்சரோ கண்ணில் நீர் வரச் சிரித்து, என்னை இழுத்துக் கட்டிக்கொண்டார்.

“வாயே தொறக்காத என் சோயாவா ஓட்டவாய்? இத விட எனக்கு என்னம்மா பரிசு வேணும்!”

என் கோபம் போன இடம் தெரியவில்லை. ஓட்டவாய் என்று யாராவது சொல்லி, எனக்குப் பெருமையாக இருந்தது அன்றைக்குத்தான்.